முன்னாள் என்றொரு முன்னொட்டு

1

எங்கள் ஊர்ப் பக்கம் பொங்கலுக்கு ஒரு கபடிப் போட்டி. நோட்டீஸில் விழாக்குழுவினர் பெயர்களுக்குக் கீழே எனக்குத் தெரிந்த ஒருவரின் பெயரும் இருந்தது: 'முன்னாள் கபடி வீரர்'. இருபது வருடங்களுக்கு முன்பு அவர் பாடிப் போனால் எதிரணியில் நாலு பேராவது பின்வாங்கி நிற்பார்கள். முழங்கால் போனதும் ஆட்டம் நின்றது. இப்போது ஒரு மில்லில் இரவு வாட்ச்மேன். டீக்கடையில் அந்த நோட்டீஸை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கேட்டார்: "முன்னாள்னு போட்டிருக்காங்க, சரி. இந்நாள்ல நான் யாருன்னு போடலையே தம்பி?"

லேசுப்பட்ட கேள்வி அல்ல. 'முன்னாள்' என்பது எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒட்டுகிற முன்னொட்டு இல்லை. முன்னாள் அமைச்சருக்கு அது ஒரு பதவி மாதிரி. அடுத்த தேர்தலில் அவர் மறுபடியும் இந்நாள் ஆகலாம். விளையாட்டுக்காரருக்குத் திரும்பி வர வழி கிடையாது. நம் கட்சிகளில் ஐம்பதைத் தொட்டவர்கள் இளைஞர் அணியில் இருக்கிறார்கள். எழுத்தாளன் நாற்பதில் 'இளம் படைப்பாளி'. விளையாட்டுக்காரரோ முப்பது முப்பத்தைந்தில் முன்னாள் ஆகிவிடுகிறார். அதற்குப் பிறகு நாற்பது ஐம்பது வருடங்கள் வாழ்ந்தாக வேண்டும். எந்தப் பெயரில் என்பதுதான் பிரச்சினை.

இதை உளவியல் ஒரு விதமாக விளக்குகிறது. 1993-இல் பிரிட்டன் ப்ரூவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 'விளையாட்டு அடையாளம்' என்ற கருத்தை முன்வைத்து எழுதினார்கள். ஒருவர் தன்னை எந்த அளவுக்கு விளையாட்டுக்காரராக மட்டுமே உணர்கிறார் என்பதை அளந்து பார்க்கிற கருத்து இது. இந்த உணர்வு வலுவாக இருந்தால் ஆடுகிற காலத்தில் பலம். ஆட்டம் முடிகிறபோது அதுவே பலவீனம். பயிற்சி, போட்டி, பயணம் என்று ஒற்றைத் தடத்தில் வளர்ந்த மனம், தடம் அறுந்ததும் தன்னைத் தேட வேறு இடம் தெரியாமல் தவிக்கிறது. இதற்கான மருந்து: முன்கூட்டியே திட்டமிடுதல், மாற்றுக் கல்வி, ஆலோசனை, புதிய இலக்கு.

இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் இந்த விளக்கம் அடையாளத்தை ஈரல் சிறுநீரகம் போல ஆளின் உள்ளே இருக்கிற ஓர் உறுப்பாக எடுத்துக்கொள்கிறது. பழுதானால் மாற்றிக்கொள்ளலாம் என்பது போல. அந்தத் தன்னிலையை யார் உருவாக்கினார்கள், எந்த மொழியில், யாருடைய தேவைக்காக என்ற கேள்விகள் வெளியே நின்றுவிடுகின்றன. நாம் அங்கிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

மைதானத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. அதை ஒரே வாக்கியமாகச் சொல்லிவிடலாம்: 'நீ செய்து காட்டு, நான் ஒப்புக்கொள்கிறேன்.' விக்கெட் விழுந்தால் விழுந்ததுதான். ஸ்கோர் புத்தகத்தில் சாதிக்குத் தனிக் கட்டம் கிடையாது. மற்ற எல்லா இடத்திலும் ஒதுக்கப்பட்ட ஒருவருக்கு இந்த வாக்கியம் எத்தனை பெரிய வாக்குறுதி! அதனாலேயே அவர் அதை மற்றவர்களைவிட ஆழமாக நம்புகிறார். என் வாதம் இதுதான்: ஆட்டத்தை இழப்பது மட்டுமல்ல சிக்கல். மைதானத்தின் இலக்கணத்தை உலகத்தின் இலக்கணம் என்று நம்பி வெளியே வருவது அதைவிடப் பெரிய சிக்கல். இதை விளக்க மூன்று வாழ்க்கைகளை எடுத்துக்கொள்கிறேன். ஒருவருக்கு மைதானம் பெயர் கொடுத்தது. இன்னொருவர் மைதானத்துக்கு வெளியே பெயர் தேடினார். மூன்றாமவரிடமிருந்து கொடுத்த பெயரை மைதானமே பறித்துக்கொண்டது.

2

பல்வங்கர் பாலு. 1876-இல் தார்வாடில் பிறந்தவர். தோல் வேலை செய்யும் சாதியாகக் கருதப்பட்ட, தீண்டாமைக்கு உள்ளான சமூகம். அப்பாவுக்கு ராணுவத்தைச் சார்ந்த பிழைப்பு. புனாவில் வளர்ந்தார். வெள்ளைக்காரர்களின் புனா கிளப்பில் மாதம் நாலு ரூபாய்க்கு மைதான வேலை: ஆடுகளத்தை உருட்டுவது, கோடு போடுவது, வலை கட்டுவது. பிறகு வலைப் பயிற்சியில் துரைமார்களுக்குப் பந்து வீசுகிற வேலையும் சேர்ந்தது. கிரெய்க் என்ற துரை, தன்னை அவுட்டாக்கும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. மணிக்கணக்கில் பந்து வீசிய அவர் கையில் மட்டையை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. பந்து வீசுவது உழைப்பு. மட்டை பிடிப்பது அந்தஸ்து.

அன்றைய பம்பாய், புனாவில் கிரிக்கெட் மத அடிப்படையில் ஆடப்பட்டது. ஐரோப்பியர் அணி, பார்சி அணி, பின்னால் இந்து அணி, 1912-இல் முஸ்லிம் அணியும் சேர்ந்து நான்முனைப் போட்டி. புனாவின் இந்து அணிக்கு ஐரோப்பியரை ஜெயித்தாக வேண்டும். அதற்கு பாலுவின் இடதுகைப் பந்துவீச்சு வேண்டும். ஆனால் பாலு தீண்டத்தகாதவர். என்ன செய்தார்கள்? சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்துக்குள் ஒரே பந்தை எல்லாரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் பெவிலியனுக்குள்ளே பீங்கான் கோப்பையில் குடித்தார்கள். பாலுவுக்கு வெளியே, மண் குவளையில். சாப்பாடு தனித் தட்டில், தனி இடத்தில். இரட்டைக் குவளை எப்படி வேலை செய்கிறது என்று தமிழ்நாட்டு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரே மனிதரின் கை கோட்டுக்கு உள்ளே தொடத்தக்கதாகவும் கோட்டுக்கு வெளியே தொடத்தகாததாகவும் இருந்தது என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஆனால் கதை அங்கேயே நிற்கவில்லை. பாலு பம்பாய்க்குப் போனார். ரயில்வேயில் வேலை கிடைத்தது. இன்றைய 'ஸ்போர்ட்ஸ் கோட்டா'வின் மூதாதை என்று வேண்டுமானால் சொல்லலாம். 1906-இல் இந்துக்கள் ஐரோப்பியரை 109 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தார்கள். அந்த வெற்றியில் பாலுவுக்கும் அவர் தம்பி சிவராமுக்கும் பெரிய பங்கு. 1911-இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் இங்கிலாந்து போன அகில இந்திய அணி பெரும்பாலான ஆட்டங்களில் தோற்றது. பாலு மட்டும் 114 விக்கெட்டுகள் எடுத்துத் திரும்பினார். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அவர் நாயகன் ஆனார். இளைஞராக இருந்த அம்பேத்கரும் அவரை அப்படி மதித்தவர்களில் ஒருவர்.

அணித்தலைவர் பதவி மட்டும் அவருக்குக் கடைசிவரை முறையாகக் கிடைக்கவில்லை. 1923-இல்தான் அவருடைய இன்னொரு தம்பி விட்டல் இந்து அணிக்குத் தலைவர் ஆனார். அதாவது வெளியே வைத்த மண் குவளையிலிருந்து அணித்தலைமைக்கு வர ஒரு குடும்பத்துக்கு ஏறக்குறைய கால் நூற்றாண்டு பிடித்தது. ஒவ்வொரு அங்குலமும் விக்கெட் கொடுத்து வாங்கியது.

3

ஆட்டம் முடிந்த பிறகு பாலு அரசியலுக்கு வந்தார். இன்றைய ஆலோசகர் இதைப் பார்த்தால் 'வெற்றிகரமான மாற்றம்' என்று குறித்துக்கொள்வார். குறிக்கோள் கிடைத்துவிட்டது, பொது வாழ்வு, சமூக சேவை. ஆனால் எந்த அரசியல்?

1932-இல் தாழ்த்தப்பட்டோருக்குத் தனித்தொகுதி என்ற கேள்வி நாட்டைப் பிளந்தது. அம்பேத்கர் தனித்தொகுதி கேட்டார். நம் எம்.சி. ராஜா, முன்பு தனித்தொகுதியை ஆதரித்தவர், அப்போது இந்து மகாசபையின் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்துகொண்டு கூட்டுத்தொகுதிப் பக்கம் நின்றார். பாலு நின்றது ராஜாவின் பக்கம். காந்தியின் உண்ணாவிரதத்தை அடுத்து செப்டம்பர் 24-இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் ராஜாவின் கையெழுத்தும் பாலுவின் கையெழுத்தும் உண்டு. 1933-இல் பம்பாய் நகராட்சித் தேர்தலில் இந்து மகாசபை வேட்பாளராக நின்று தோற்றார். 1935-இல் அம்பேத்கர் இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தபோது பாலு அதை எதிர்த்தார். 1937 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரஸ் அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கருக்கு 13,245 வாக்குகள், பாலுவுக்கு 11,225.

இதைப் படிக்கிற நம் தோழர்களுக்கு உடனே ஒரு சொல் வாயில் வரும்: 'துரோகி' அல்லது 'கைப்பாவை'. இரண்டுமே சோம்பேறித்தனமான சொற்கள் என்று நினைக்கிறேன். காங்கிரசும் மகாசபையும் அவருடைய புகழைப் பயன்படுத்தின என்பது உண்மை. பாலு ஏன் அந்தப் பயன்பாட்டுக்கு இசைந்தார் என்பதை அது விளக்காது.

பாலுவின் உடல் சேகரித்த சான்றுகளை யோசித்துப் பாருங்கள். அவர் வாழ்வில் கதவுகள் திறந்தன. மெதுவாக, அவமானத்தோடு, ஆனால் திறந்தன. திறமையைக் காட்டினார், உள்ளே விட்டார்கள். மேலும் காட்டினார், மேசை கொஞ்சம் நெருங்கியது. தம்பி தலைவரே ஆகிவிட்டார். இது நடந்தது 'இந்து' என்று பெயர் கொண்ட அணியில். அவர் பெற்ற பெயர், புகழ், மரியாதை எல்லாமே அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு பெற்றவை. அந்த மனிதருக்குக் கூட்டுத்தொகுதி என்பது கொள்கைகூட இல்லை, அனுபவம். உள்ளேயே இரு, செய்து காட்டு, ஒப்புக்கொள்வார்கள்.

அம்பேத்கரின் சான்றுகள் வேறு. 1927-இல் மஹாட் குளத்தில் தண்ணீர் குடிக்கப் போனவர்கள் தாக்கப்பட்டார்கள். 1930-இல் நாசிக் காலாராம் கோயிலின் கதவு மூடியே இருந்தது. தண்ணீர் குடிக்க என்ன திறமையைச் செய்து காட்டுவது? கோயில் வாசலில் எத்தனை விக்கெட் எடுப்பது? மைதானத்துக்கு வெளியே ஒப்புக்கொள்கிறவர் நடுவர் இல்லை. அவர் எதிரணிக்காரரும்கூட. பாலு மைதானத்திலிருந்து விலகினார். மைதானத்தின் இலக்கணம் அவரிடமிருந்து விலகவில்லை. 1955-இல் பாலு இறந்தார். அடுத்த வருடம் அக்டோபரில் அம்பேத்கர் நாக்பூரில் பௌத்தரானார். ஒருவர் அணியின் பெயரோடு போனார், இன்னொருவர் அணியை விட்டே வெளியேறினார்.

விடுதலைப் போராட்டச் சொல்லாடலிலும் சரி, கிரிக்கெட் சொல்லாடலிலும் சரி, பாலு வெகுகாலம் காணாமல் போயிருந்தார். ராமச்சந்திர குஹா 2002-இல் வெளியிட்ட கிரிக்கெட் வரலாற்று நூல்தான் அவரைப் பரந்த வாசகர் முன் கொண்டுவந்தது. இரண்டு பக்கத்துக்கும் பயன்படாத 'முன்னாள்' அவர்.

4

அப்படியானால் ஆடிய மனிதர் மைதானத்தின் பெயரிலிருந்து வெளியே வரவே முடியாதா? இதற்கு ஒப்பிட்டுப் பார்க்க, பாலுவுக்கு அடுத்த தலைமுறையில், அதே சாம்ராஜ்யத்தின் இன்னொரு காலனியில், அதே ஆட்டத்தை ஆடிய லியரி கான்ஸ்டன்டைனை எடுத்துக்கொள்ளலாம். டிரினிடாட், அடிமைகளின் வம்சம், பிறந்தது 1901. இளம் வயதில் வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தா. சட்டம் படிக்க ஆசை. கறுப்பருக்கு அங்கே மேலே போக வழியில்லை என்பதைக் கண்டவர். மேற்கிந்தியத் தீவுகளின் அணித்தலைமை வெள்ளையர்களுக்கே என்பது எழுதாத விதி. கான்ஸ்டன்டைனுக்கும் அது கிடைக்கவில்லை. ஒரு முழுத் தொடருக்குக் கறுப்பர் ஒருவர், ஃபிராங்க் வொரல், தலைவராக நியமிக்கப்பட்டது 1960-இல்தான். அதுவும் சி.எல்.ஆர். ஜேம்ஸ் பத்திரிகையில் இயக்கமே நடத்திய பிறகு.

கான்ஸ்டன்டைன் 1929 முதல் 1937 வரை இங்கிலாந்தின் நெல்சன் என்ற நெசவு ஆலை நகரத்தின் கிளப்புக்குச் சம்பளத்துக்கு ஆடினார். நல்ல சம்பளம். 1932-இல் ஜேம்ஸ் அவர் வீட்டில் வந்து தங்கினார். ஒருவர் ஆட்டக்காரர், ஒருவர் மார்க்சியர். இருவரும் பேசிப் பேசி ஒருவரை ஒருவர் மாற்றிக்கொண்டார்கள். கான்ஸ்டன்டைன் ஆடிக்கொண்டிருக்கும்போதே மைதானத்துக்கு வெளியே இன்னொரு மொழி பழகிக்கொண்டிருந்தார் என்பது முக்கியம்.

அவருடைய கடைசி டெஸ்ட் 1939-இல். போர்க்காலத்தில் லிவர்பூலில் மேற்கிந்தியத் தொழிலாளர்களுக்கான நல அதிகாரி. 1943-இல் லண்டனில் இம்பீரியல் ஹோட்டலில் நாலு இரவுக்கு அறை பதிவு செய்து குடும்பத்தோடு போனார். அமெரிக்க விருந்தாளிகள் ஆட்சேபிப்பார்கள், ஒரு இரவுக்கு மேல் முடியாது என்றார்கள். அவர் உலகம் அறிந்த கிரிக்கெட் வீரர். மைதானத்தின் இலக்கணப்படி அந்தப் புகழே கதவைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அவர் புகழைக் காட்டி இறைஞ்சிக்கொண்டிருக்காமல் வழக்குப் போட்டார். 1944-இல் ஜெயித்தார். கிடைத்த இழப்பீடு 5 கினி, அவ்வளவுதான். ஆனால் அந்தத் தீர்ப்பு சட்ட வரலாற்றில் நின்றுவிட்டது. பிறகு ஐம்பது வயதைத் தாண்டி, 1954-இல் வக்கீலானார். நிறவெறி பற்றி ஒரு நூல் எழுதினார். டிரினிடாட்டில் அமைச்சர், பின் லண்டனில் ஹை கமிஷனர். 1963-இல் பிரிஸ்டல் நகரப் பேருந்துகளில் கறுப்பர்களை வேலைக்கு எடுக்க மறுத்ததை எதிர்த்து நடந்த புறக்கணிப்பை அவர் வெளிப்படையாக ஆதரித்தார். அவர் அரசுக்கே அது பிடிக்கவில்லை. மறு வருடம் பதவியில் அவர் இல்லை.

1969-இல் அவர் பிரபுக்கள் சபைக்கும் போனார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவரைப் புனிதராக்குவது என் நோக்கமல்ல. 'கான்ஸ்டன்டைனுக்கு மனத்திண்மை இருந்தது, பாலுவுக்கு இல்லை' என்று முடித்தால் சுற்றிச் சுற்றி அந்த ஆலோசகரிடமே போய்ச் சேருவோம். வித்தியாசம் பொருளாயதமானது. கான்ஸ்டன்டைனுக்குச் சேமிக்கிற அளவுக்குச் சம்பளம் இருந்தது. சட்டம் படிக்க முடிந்தது. ஆட்டத்துக்கு முன்பே ஓர் ஆசை இருந்தது. வீட்டிலேயே வாதம் செய்ய ஒரு ஜேம்ஸ் இருந்தார். பாலுவுக்கு இருந்தது ரயில்வே வேலையும் இந்து அணியின் புகழும்.

5

இதெல்லாம் பழைய கதை, சாம்ராஜ்ய காலம் என்று தள்ளிவிட முடியாது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில், தலித் குடும்பத்தில், 1981-இல் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்றார். பாலினப் பரிசோதனை என்ற பெயரில் அவரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். பதக்கம் பறிக்கப்பட்டது. செய்தியை அவர் தெரிந்துகொண்டது தொலைக்காட்சியில். அவர் உடலைப் பற்றிய விவரங்கள் பத்திரிகைகளில் தீனியாயின. அவற்றை நான் இங்கே திருப்பி எழுதப்போவதில்லை.

பாலுவின் கதையில் மைதானம் மட்டுமாவது தன் வாக்கைக் காப்பாற்றியது. எடுத்த விக்கெட் எடுத்ததாகவே இருந்தது. சாந்தியின் கதையில் அந்த இலக்கணமே உடைகிறது. செய்து காட்டினார், ஒப்புக்கொள்ளப்பட்டது, பிறகு ஒப்புதல் வாபஸ். அவர் ஓடவே இல்லை என்பது போல ஏடு திருத்தப்பட்டது. 'முன்னாள்' என்ற முன்னொட்டுகூட அவருக்கு முழுசாகக் கிடைக்கவில்லை. தமிழக அரசு 15 லட்சம் ரூபாய் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் பணம் வேறு, பெயர் வேறு. 2007-இல் அவர் தற்கொலைக்கு முயன்று பிழைத்தார். புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தார். 2012-இல் அவர் செங்கல் சூளையில் கூலி வேலை செய்வதாகச் செய்தி வந்த பிறகுதான் மறுபடியும் அதிகாரம் திரும்பிப் பார்த்தது. 2013-இல் பெங்களூரில் தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சியாளர் பட்டயம் பெற்றார். பிறகு தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் ஆனார்.

இதை 'மீண்டெழுந்த கதை' என்று தலைப்புப் போட்டுப் பத்திரிகைகள் மகிழ்கின்றன. எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. சாந்தி பயிற்சியாளர் ஆனது மைதானம் திருப்பித் தந்த கௌரவத்தால் அல்ல. பதக்கம் இன்னும் திரும்பவில்லை. மைதானம் ஒப்புக்கொள்ளாமலேயே, தன்னிடம் இருக்கிற அறிவு தன்னுடையது என்று அவர் எடுத்துக்கொண்டார். எப்படி மூச்சைப் பிடிப்பது, கடைசி இருநூறு மீட்டரை எப்படி வைத்துக்கொள்வது என்பதெல்லாம் எந்தக் கமிட்டியாலும் பறிக்க முடியாத சொத்து. 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு, பெண்கள் பிரிவில் உலகத் தரவரிசைப் போட்டிகளில் ஓடுவதற்கு மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நுழைவாயிலிலேயே பெயரைப் பறிக்கிற ஏற்பாடு இது. சாந்தியின் அனுபவம் முன்னாள் ஆகிவிடவில்லை.

6

மூன்று பேரையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. 'ஆட்டம் முடிந்த பிறகு நான் யார்?' என்பது தனிமனித மனத்தின் புதிர் மாதிரித் தோன்றினாலும், அதற்குள்ளே கிடப்பது வேறு கேள்விகள். ஆடுகிறபோது அந்த உடல் யாருக்குச் சொந்தமாக இருந்தது? படிக்க, சேமிக்க, வாதாட நேரம் இருந்ததா? அங்கீகாரத்தைக் கொடுத்தது யார், திரும்பப் பறிக்கிற உரிமை யாரிடம் இருந்தது? குறிக்கோளைத் தேடு என்று அறிவுரை சொல்வதற்கு முன்னால் இவற்றைக் கேட்டாக வேண்டும்.

நாமும் இதில் வெளியாட்கள் இல்லை. நம் கூட்டங்களில் முன்னாள் வீரருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், இரண்டு நிமிடம் பேசவிடுகிறோம், பிறகு விளையாட்டுச் சங்கங்களை அரசியல்வாதியும் முதலாளியும் நடத்த விட்டுவிடுகிறோம். ஆடியவர்களுக்கு அந்தச் சங்கங்களில் வாக்கு உண்டா, ஆடுகிற வயதில் அடிபட்டால் மருத்துவச் செலவு யாருடையது, ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தவருக்குப் படிக்க விடுப்பு உண்டா என்று கேட்பது இலக்கியவாதிக்குச் சின்ன விஷயமாகப் படுகிறது. கபடி பற்றிக் கவிதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், கபடிக்காரரின் முழங்கால் பற்றிப் பேச ஆள் இல்லை.

பொங்கல் போட்டியன்று என் நண்பர் மேடைக்கு வரவில்லை. இரவு ஷிப்ட். விடியற்காலையில் இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தபோது சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு வந்தார். தோற்ற அணியின் சின்னப் பையன் ஒருவனைத் தனியாகக் கூட்டிப்போய், காலை எங்கே ஊன்றினால் முழங்கால் தப்பும் என்று மண்ணில் கோடு போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அரைமணி நேரம் இருக்கும். நோட்டீஸில் அதற்கு ஒரு சொல் இல்லை.

அடுத்த வருடம் அவர் பெயருக்கு முன்னால் என்ன போடலாம் என்று அவரிடமே கேட்டுவிட்டு அச்சடியுங்கள் என்று விழாக்குழுவினரிடம் சொன்னேன். "அதெல்லாம் வழக்கமில்லையே சார்" என்றார்கள்.